புத்தகப் பித்தர்களின் பஞ்சாங்கம்

புத்தகப் பித்து பிடித்தவர்களுக்கு ஆண்டில் இரண்டே பருவம்தான். காற்றில் ஈரம் குறைந்த மாதங்கள் ஒன்று, ஈரம் ஏறிய மாதங்கள் மற்றொன்று. எப்போது வாங்குவது, எப்போது அலமாரியைக் கலைப்பது, எப்போது கதவைச் சாத்தி வைப்பது, எப்போது இரவல் போனதைத் திரும்பக் கேட்பது என்று எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. இங்கே எழுதுவது சென்னையையும் மற்ற கடலோர ஊர்களையும் மனத்தில் வைத்து. மதுரை, திருச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் குறையும். கன்னியாகுமரி, நீலகிரிக்காரர்கள் மழைக்காலப் பகுதியை ஜூனுக்கே நகர்த்திக்கொள்ளலாம்.

ஈரத்தை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது. அதை அலமாரியின் கீழ்த்தட்டில், சுவரை ஒட்டிய மூலையில் வையுங்கள். வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். 60 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கத் தயாராகிறது. 75-க்கு மேல் போனால் வெள்ளிப்பூச்சிக்கு அது மாமியார் வீடு. சென்னையில் 60-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம் என்பதால், இறங்கும் சில வாரங்களை வீணடிக்கக் கூடாது.

அந்தச் சில வாரங்கள் மே மாதத்தில் வருகின்றன. அக்னி நட்சத்திரத்தில் மேற்கிலிருந்து உள்நாட்டுக் காற்று அடிக்கும்போது ஊரே சபிக்கும். புத்தகக்காரர்கள் மட்டும் அலமாரியைத் திறப்பார்கள். காலை பத்து மணிக்குக் கதவுகளை அகலத் திறந்து மின்விசிறியைச் சுழலவிடுங்கள். கடல்காற்று உள்ளே நுழைந்ததும் மூடிவிடுங்கள். உடம்புக்கு இதமான அந்தக் காற்றுதான் ஈரத்தைச் சுமந்து வருகிறது, ஈரமானியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண் கிடுகிடுவென ஏறுவது தெரியும். சில நாள் நண்பகலிலேயே வந்துவிடும், சில நாள் மாலை வரை வராது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து மூடாமல் காற்றைப் பார்த்து மூட வேண்டும்.

புத்தகங்களை மொட்டைமாடியில் வெயிலில் பரப்புவது பழைய வழக்கம், இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. வேண்டாம். மலிவுத் தாளில் லிக்னின் மிச்சம் இருக்கும். நேர் வெயில் பட்டால் அது பழுப்பேறி நொறுங்கும். அட்டையில் முதலில் சிவப்பும் மஞ்சளும் வெளுக்கும். சூட்டில் முதுகுப் பசை இளகி, பிறகு இறுகி, அடுத்த முறை பிரிக்கும்போது தாள்கள் கழன்று வரும். நிழலும் காற்றோட்டமும் போதும்.

தூசு தட்டுவதை ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் அலுக்காது. மேல்தட்டிலிருந்து தொடங்குங்கள், இல்லையென்றால் துடைத்த தட்டிலேயே தூசு மறுபடி விழும். புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம். கெட்டி அட்டைப் புத்தகங்களின் முதுகு மேலே கிழிந்திருப்பதற்குக் காரணமே அதுதான். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் உள்ளே கொஞ்சம் தள்ளிவிட்டு, நடுப்புத்தகத்தை இடுப்பில் பிடித்து எடுங்கள். மூடிய நிலையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் மேல் விளிம்பை முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். முதுகை நோக்கித் தட்டினால் தூசு பசைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரத்துணி தட்டுக்கு மட்டும். அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகே புத்தகம் ஏற வேண்டும்.

காலியான தட்டைத் துடைக்கும் முன் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். யார் குடியிருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். மாவுபோல் மெல்லிய தூள் குவிந்திருந்தால் துளைக்கிற வண்டு. சுவடிக் காலத்திலிருந்தே இராமபாணம் என்று பெயர் வாங்கியது. தாளுக்குள் சுரங்கம் தோண்டுவது அதன் புழு. வட்டமாக ஓட்டை தெரிகிறதென்றால் வண்டு வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள், ஆனால் அடுத்த தலைமுறை உள்ளே இருக்கலாம். தாளின் மேற்பரப்பு மட்டும் சுரண்டப்பட்டு, அட்டையில் ஒழுங்கற்ற தேய்மானம் இருந்தால் வெள்ளிப்பூச்சி. அதற்குப் பசையிலும் தாளின் பூச்சிலும் உள்ள மாவுச்சத்துதான் தீனி. காலிகோ துணி அட்டையில் திட்டுத்திட்டாக நிறம் போயிருந்தால் கரப்பான். சுவரில் மண் கோடு தெரிந்தால் புத்தகத்தை விடுங்கள், கரையான் மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடுங்கள். கரையான் வருவது சுவர் வழியாக, புத்தகத்தை மட்டும் காப்பாற்றி அதை நிறுத்த முடியாது.

வண்டு கண்ட புத்தகத்துக்கு நல்ல வைத்தியம் குளிர். பாலித்தீன் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி எடுத்து, டேப் ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி வரை போகிற ஃப்ரீசராக இருக்க வேண்டும். இரட்டைக்கதவு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் அந்தக் குளிர் கிடைக்கும். ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பலவற்றில் கிடைக்காது, புழு தூங்கி எழுந்து வேலையைத் தொடரும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின்மேல் காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும், வண்டுக்குப் பதில் பூஞ்சை வந்து சேரும்.

பாச்சை உருண்டையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மூடிய அலமாரியில் அது வேலை செய்யும்தான். ஆனால் அந்த நாப்தலின் வாடையை நாமும்தான் சுவாசிக்கிறோம், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு இடையே வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு, கற்பூரம் சேர்த்துப் பொடித்த சிறு துணிப்பொட்டலங்களை வைப்பது வழக்கம். வீட்டு அலமாரிக்கும் அது போதும். கரகரப்பாகப் பொடித்து, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, தட்டுக்கு இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. வாசனை போய்விட்டால் பலனும் போய்விட்டது. இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். பொட்டலம் தாளைத் தொடக் கூடாது, கிராம்பின் எண்ணெய் கறையாக இறங்கும். வேப்பிலை வைப்பவர்கள் நிழலில் சருகாகக் காயவைத்த பிறகே வைக்க வேண்டும். பச்சையாக வைத்தால் ஈரத்தை நாமே உள்ளே அனுப்பியதாகும். இவையெல்லாம் விரட்டும், கொல்லாது. ஏற்கெனவே உள்ளே புகுந்த புழுவுக்கு வசம்பு எந்தத் தொந்தரவும் தராது.

அலமாரியை மாற்ற நினைப்பவர்களும் கோடையிலேயே முடித்துவிடுவது நல்லது, புது மரமும் பாலிஷும் காய வெயில் வேண்டும். டெமி எனப்படும் வழக்கமான புத்தக அளவில், 70 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளில் 200 பக்கப் புத்தகம் அட்டையோடு சுமார் 230 கிராம் இருக்கும். ஒரு மீட்டர் தட்டில் எண்பது புத்தகம் நிற்கும் என்றால் 18 கிலோவுக்கு மேல். பின்னால் இன்னொரு வரிசையும் வைப்போம் என்பது தெரிந்ததே, ஆக 36 கிலோ. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டாக இருந்தாலும் 75 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்கல் இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் தட்டு தொட்டிலாகிவிடும். மரத்தூள் பலகையென்றால் அதற்கு முன்பே. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி, தரையிலிருந்து கீழ்த்தட்டு குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரம். மழையில் ஊறும் வெளிச்சுவரை விட்டு வீட்டின் உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். குளியலறைக்கு மறுபுறச் சுவர் எந்தக் காலத்திலும் ஆகாது. ஏ.சி. அறை நல்லது என்று நினைப்போம். இரவு மட்டும் ஓடி, காலையில் ஜன்னல் திறக்கப்படும் அறையென்றால் குளிர்ந்த அட்டைகளில் தினமும் ஈரம் படியும். காலையில் ஏ.சி.யை நிறுத்திய பிறகு ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கோடை விடுமுறைக்கென்றே இருந்த இன்னொரு வேலை, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கத்தரித்து பைண்டு செய்வது. அந்தத் தொகுப்புகள் இன்றும் பரணிலிருந்தும் பழைய புத்தகக் கடையிலிருந்தும் கிடைக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள். கல்கி இதழுக்கு மணியம் வரைந்தவைபோன்ற ஓவியங்கள் மலிவுப் பதிப்புகளில் வருவதில்லை. அங்கங்கே தென்படும் விளம்பரங்களுக்காகவே ஒரு மாலையைச் செலவிடலாம். இப்படி ஒரு தொகுப்பை மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால் பைண்டரிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். பக்கத்தையல் போட்டால் உள்விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் போய்விடும், பழைய பத்திரிகையில் அவ்வளவு விளிம்பு இருக்காது. ஆகவே முதுகுத் தையல்தான் வேண்டும். தாள் தனித்தனியாகக் கிழிந்திருந்தால் மெல்லிய தாள்பட்டை ஒட்டி இரண்டிரண்டாக இணைத்த பிறகு தைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, வெளிவிளிம்பை இயந்திரத்தில் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெட்டுவார்கள், ஓவியத்தின் ஓரமும் பக்க எண்ணும் போகும். மூன்றாவது, மைதா பசையில் பூச்சி அண்டாதிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். பழைய பைண்டர்கள் கேட்காமலே சேர்ப்பார்கள். துருப்பிடித்த பின்களை நீங்களே வீட்டில் மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுத்துவிட்டுக் கொடுங்கள், பட்டறையில் அவசரத்தில் பிடுங்கினால் நடுத்தாள் கிழியும். செல்லோடேப் மட்டும் எங்கேயும் வேண்டாம். சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் உரிந்து விழும்; மஞ்சள் பிசின் மட்டும் தாளுக்குள் இறங்கி நிரந்தரமாகத் தங்கும். ரப்பர்பேண்டும் அப்படித்தான், நம் ஊர் வெயிலில் உருகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊர் ஊராகக் கண்காட்சிகள். நெய்வேலி, கோவை, பிறகு ஆடி நடுவில் ஈரோடு. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஈரோட்டுத் திருவிழாவில் மாலைக் கூட்டத்துக்கே தனிக் கும்பல் வரும். மதுரை ஆவணி, புரட்டாசி வாக்கில். சென்னைக் கண்காட்சியில் தவறவிட்டதை நெரிசல் இல்லாமல் நின்று புரட்டிப் பார்க்க இவையே தோது. கழிவு அதே 10 சதவீதம்தான், ஆனால் பதிப்பாளரே கடையில் உட்கார்ந்திருப்பார். தீர்ந்துபோன புத்தகம் மறுபதிப்பு வருமா என்பதை அவரிடம் கேட்டுவிடலாம்.

ஆடியில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டுவிடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, உ.வே.சா. மனம் நொந்து எழுதியிருக்கிறார். இன்று அந்த வேலையை எடைக்குப் போடுகிறவர்கள் செய்கிறார்கள். வேண்டாத புத்தகங்களைக் கழிப்பதில் தவறே இல்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொள்பவரைவிடக் கழிக்கத் தெரிந்தவரின் அலமாரியே படிக்கிற அலமாரி. ஆனால் எடைக்குப் போடும் முன் உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். 1960-க்கு முந்தைய பதிப்பு, சிறுபத்திரிகை, மலர், நாடக விளம்பரத் தாள், பாட்டுப் புத்தகம் என்று எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு ஆய்வு நூலகத்தைக் கேட்பது முறை. கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படி மற்றவர்கள் துண்டுத்தாள் என்று ஒதுக்கியதையும் சேர்த்துச் சேர்த்து வைத்ததால்தான் 1994-இல் அவர் பெயரில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. மற்றவற்றைக் கிளை நூலகத்துக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் நூலகரிடம் பட்டியலைக் காட்டுங்கள், மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் அது அவருக்குத் தலைவலி.

நம் பஞ்சாங்கத்தில் முக்கியமான நாள் சரஸ்வதி பூஜை. நவராத்திரி பெரும்பாலும் அக்டோபரில் வரும், வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதும் அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான். மழைக்கு முன் எல்லாப் புத்தகத்தையும் ஒருமுறை கையில் எடுத்து, துடைத்து, அடுக்கிவிட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. இரவல் போனவற்றை மீட்கவும் இதுவே நாள். “பூஜையில் வைக்க வேண்டும்” என்று கேட்டால் யாரும் மனம் கோணாமல் தருவார்கள். அதற்கு யாரிடம் எது இருக்கிறது என்று தெரிய வேண்டும். தேதி, பெயர், புத்தகம் என்று மூன்று கட்டம் போட்ட பழைய டைரி போதும். செயலிகளில் எழுதி வைப்பவர்கள் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

பூஜையில் புத்தகத்துக்கு நேரும் சேதம் எல்லாமே தவிர்க்கக்கூடியவை. ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் அட்டையில் நேரே வைத்தால், லேமினேஷன் இல்லாத அட்டையில் அது இறங்கிவிடும், எந்தத் துடைப்பும் எடுக்காது. மேலே ஒரு வெள்ளைத்தாளோ பட்டுத்துணியோ விரித்து அதன்மேல் பொட்டு வையுங்கள், அம்பாள் கோபிக்கமாட்டாள். பூச்சரம் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும், அதையும் உதறித் துணியின்மேல் வைக்கலாம். பொரி, கடலை, வெல்லம் வைத்த தட்டு தனிப் பலகையில் இருக்கட்டும். வெல்லத் துணுக்கு ஒன்று மடிப்பில் விழுந்தால் மறுநாள் புனர்பூஜைக்கு எறும்பு முதலில் வந்திருக்கும். அந்த ஒரு நாள் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது பித்தர்களுக்கு வருடத்தின் மிக நீளமான நாள். அன்று பல்பொடிப் பொட்டலத்தின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கத் தோன்றும்.

விஜயதசமி முடிந்ததும் அலமாரியை மழைக்காலத்துக்கு மாற்றுங்கள். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியென்றால் சிலிக்கா ஜெல் வேலை செய்யும். திறந்த தட்டில் வைத்தால் ஊரின் ஈரத்தையெல்லாம் உறிஞ்ச முயன்று அரை நாளில் களைத்துவிடும். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகும் வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் மின்சார ஓவனில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் சூடேற்றினால் மறுபடி உதவும். இரும்பு பீரோவில் வைப்பவர்கள் தட்டில் தடித்த அட்டை விரித்துவிடுங்கள், மழை இரவில் இரும்பு குளிர்ந்து வியர்க்கும். புத்தகங்களை நெருக்கி அடுக்காமல் ஒரு விரல் நுழையும் தளர்வு விடுங்கள். பழுப்புக் காகித அட்டை போடுவது பள்ளிப் புத்தகத்துக்குச் சரி, பத்து ஆண்டு வைத்திருக்கும் புத்தகத்துக்கு அதன் அமிலம் ஆகாது. பிவிசி உறையோ அட்டை மையை ஒட்டி எடுத்துக்கொள்ளும். உறை போட்டே ஆக வேண்டுமென்றால் பாலிப்ரொப்பிலீன்.

ஐப்பசி வாசிப்புக்கென்று ஒரு வகை உண்டு: தீபாவளி மலர். கதை, கட்டுரை, பெரிய வண்ணப்படம் எல்லாம் சேர்ந்து வழவழப்பான ஆர்ட் தாளில் வரும். ஆண்டிலேயே ஈரம் மிகுந்த நேரத்தில், ஈரத்துக்கு மிகவும் பயந்த தாள். அதன்மேல் பூசியிருக்கும் களிமண் பூச்சு நனைந்தால் பசையாகும், காய்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே பலகை. ஆகவே மலரைப் படித்து முடித்ததும் நிமிர்த்தி நிறுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் சிறுகதையும் கட்டுரையும்தான் தோது என்பது என் கட்சி. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத மாலையில் ஐந்நூறு பக்க நாவலைத் தொடங்குவது நாவலுக்குச் செய்யும் துரோகம். அது மே மாதப் பிற்பகலுக்கு உரியது.

இனி நனைந்த புத்தகம். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ வீட்டு நூலகங்கள் தண்ணீரில் போயின. அவற்றில் ஒரு பகுதி வெள்ளத்தில் போகவில்லை, காயவைத்த விதத்தில் போனது. கணக்கில் வைக்க வேண்டியது 48 மணி நேரம். நம் வெப்பத்தில் அதற்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். சேறு படிந்திருந்தால் புத்தகத்தை இறுக்க மூடிப் பிடித்தபடி சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். திறந்தால் சேறு உள்ளே போகும். பேனா மையால் எழுதியது இருந்தால் அலசவே வேண்டாம். பிறகு எல்லாப் புத்தகத்தையும் மூன்றாகப் பிரியுங்கள். ஆர்ட் தாள் முதல் வரிசை, ஈரம் இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் வெற்றுத் தாள் அல்லது மெழுகுத் தாள் இட்டுப் பிரித்தாக வேண்டும். முழுக்க ஊறிய சாதாரணத் தாள் இரண்டாவது. ஓரம் மட்டும் நனைந்தது மூன்றாவது. கையில் அடங்காத அளவு இருந்தால், இன்று பார்க்க முடியாதவற்றைப் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, ஆர்ட் தாளும் ஒட்டாது. வாரங்கள் கழித்து ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம்.

ஊறிய புத்தகத்தை உடனே விரிக்கக் கூடாது, ஈரத்தாள் நகம் பட்டாலே கிழியும். உறிஞ்சுதாளின்மேல் நேராக நிறுத்தி முதலில் வடியவிடுங்கள். தானாக நிற்கும் அளவு இறுகியதும் பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு வெற்று நியூஸ்பிரின்ட் தாளைச் செருகுங்கள். அச்சான செய்தித்தாள் வேண்டாம், அதன் மை இடம் மாறும். அதிகமாகச் செருகினால் முதுகு பிளக்கும். செருகிய தாளை முதல் நாள் சில மணி நேரத்துக்கொருமுறை மாற்றுங்கள். மின்விசிறிக் காற்று புத்தகத்தின்மேல் நேரே படாமல் அறையில் சுழன்றால் போதும். ஹேர்டிரையரும் வெயிலும் வெளித்தாளை மட்டும் சுருட்டும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தொட்டால் குளிர்ச்சியாக மட்டும் தெரியும் நிலை வந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு அழுத்தினால் அலை நிமிராது, ஈரத்தோடு அழுத்தினால் பூஞ்சை. பூஞ்சை ஏற்கெனவே பிடித்துவிட்டதென்றால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், பச்சைக் கறையாகத் தேயும். முதலில் காயட்டும். பிறகு என்95 முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

மார்கழிக் கடைசியில் காற்று தெளியும்போது சென்னைப் புத்தகக் கண்காட்சி வந்துவிடும். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி இதை 1977-இல் தொடங்கியது. இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில், சுமார் 900 அரங்குகளோடு நடக்கிறது. பட்டியல் இல்லாமல் போனால் கால் வலியும் இரட்டைப் பிரதிகளும்தான் மிச்சம். பட்டியலை நூலாசிரியர் பெயரில் போடாமல் பதிப்பகத்தின் பெயரில் போடுங்கள், அரங்குகள் அப்படித்தான் இருக்கின்றன. பல தொகுதி நூல்களுக்கு டிசம்பரிலேயே முன்வெளியீட்டுத் திட்டம் அறிவிப்பார்கள். கண்காட்சிக் கழிவைவிட அதில் மிச்சம் அதிகம். வேலைநாட்களில் அண்மை ஆண்டுகளாகப் பிற்பகலில்தான் திறக்கிறார்கள், திறந்த முதல் இரண்டு மணி நேரம் நிம்மதி. பொங்கல் விடுமுறையில் புத்தகம் பார்க்க முடியாது, மனிதர்களைப் பார்க்கலாம். கூட்டத்தில் சிக்னல் திணறி ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். இருபது புத்தகம் என்றால் ஐந்து கிலோ. ஒரே பையில் சுமக்காமல் இரண்டு துணிப்பையாக இரு கைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் நூல்களில் மட்டும் அவசரம் கூடாது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் ஒரே நூல் நாலு அரங்கில் நாலு விலையில் இருக்கும். எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டது என்று பதிப்புக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து ஒரு பத்தி படியுங்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ நின்றாலோ, வரி நடுவில் காரணமில்லாமல் சொல் உடைந்தாலோ, அது ஸ்கேன் செய்து மெய்ப்புப் பார்க்காமல் விட்டது. நாற்பது ரூபாய் குறைவு என்று வாங்கினால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நாற்பது ரூபாய் உறுத்தும்.

பில் போட்டதும் அங்கேயே நின்று பாரம் சரிபாருங்கள். பாரம் என்பது ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுதி, டெமி அளவில் ஒரு பாரம் 16 பக்கம். ஆகவே 16-17, 32-33, 48-49 என்று இணையும் இடங்களில்தான் பிழை நடக்கும்: ஒரு பாரம் விட்டுப்போவது, ஒன்றே இரண்டு முறை வருவது, தலைகீழாக வருவது. முன்பக்கங்களுக்குத் தனி எண் கொடுத்திருந்தால் இணைப்பு கொஞ்சம் தள்ளி விழும். 208 பக்கத்துக்குப் பதின்மூன்று பாரம், ஒரு நிமிட வேலை. தேவைக்கேற்ப டிஜிட்டலில் அச்சிடும் நூல்களில் இந்தப் பிழை குறைவு, அவற்றில் தாள் கழல்கிறதா என்று நடுவில் மெதுவாக விரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வருவதைப் பில்லுக்குப் பின் அரங்கிலேயே பிரியுங்கள். கேட்டால் அவர்களே பிரித்துத் தருவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புதுப் புத்தகத்தை நடுவில் படாரென்று விரிக்காமல் பழக்க வேண்டும். முதுகை மேசைமேல் நிறுத்தி, முன்னட்டையைச் சாய்த்து, பின்னட்டையைச் சாய்த்து, பிறகு முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாறிமாறி உள்விளிம்பை விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். மையும் பசையும் கலந்த வாசனையை முழுசாக அனுபவிக்கவும் இதுவே முறை. நடுவில் விட்டுப்போன பக்கம் இப்போது கண்ணில் பட்டாலும் பதற வேண்டாம். ரசீதோடு கண்காட்சி முடிவதற்குள் எடுத்துப்போனால் அரங்கிலேயே மாற்றித் தருவார்கள். முடிந்துவிட்டால் குறையுள்ள பக்கத்தையும் ரசீதையும் படமெடுத்துப் பதிப்பக எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பெரும்பாலோர் வேறு பிரதி அனுப்பிவைப்பார்கள். பழைய பிரதியைத் திருப்பிக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.